அழைத்தலுக்கு ஒரே குணமா? கண்டி இராச்சியத்தில் இரண்டு கோவாக் குருக்கள்



"இந்தத் தொழிலுக்கு இவருடைய குணம் சரிவராது" என்ற பேச்சை ஆசிரியர் கலாசாலைகளில் நாம் அடிக்கடி கேட்கிறோம். பேசத் தயங்குபவர்களுக்கே இது கூடுதலாகச் சொல்லப்படுகிறது. கிறிஸ்தவ சகோதரர்கள் குருத்துவத்தை 'அழைத்தல்' என்பார்கள். அந்த அழைத்தலுக்கும் ஆளின் சுபாவத்துக்கும் என்ன தொடர்பு? நமது மாத்தளையும் உள்ளடங்கியிருந்த பழைய கண்டி இராச்சியத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது.

ஒல்லாந்தர் கரையோரத்தைப் பிடித்ததும் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தார்கள். குருமார் வெளியேற்றப்பட்டார்கள், மக்கள் மறைவாக வழிபட்டார்கள். இதைக் கேள்விப்பட்டு 1687இல் கோவாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தவர் யோசேப் வாஸ் அடிகளார் (1651–1711). கூலியாள் போல வேடமிட்டு வந்தார். இரவில் வீடு வீடாகப் போய் மக்களைச் சந்தித்தார். பின் புத்தளம் வழியாக 1692இல் கண்டிக்குப் போனபோது, போர்த்துக்கேய ஒற்றன் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறைப்பட்டார். அங்கே கோபப்படவும் இல்லை, வாதாடித் திரியவும் இல்லை. சிங்களம் படித்தார்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. நோயாளிகளை உறவினரே கைவிட்டு ஓடிய நேரம் அது. வாஸ் அடிகளார் அவர்களுக்குக் கொட்டில் போட்டு, உணவு கொடுத்து, புண் கழுவி, இறந்தவர்களை அடக்கம் செய்தார். எந்த மதம் என்று பார்க்கவில்லை. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் மதிப்பை அவருக்குப் பெற்றுத் தந்தது இந்தச் சேவைதான். உயர் திருச்சபைப் பதவி தேடி வந்தபோதும் ஏற்க மறுத்தார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) வேறு மாதிரியான மனிதர். அவரும் கோவாக்காரர், அதே ஒரட்டோரியன் சபையைச் சேர்ந்தவர். ஆனால் அவருடைய நாட்டம் மொழியில், எழுத்தில், வாதத்தில். தமிழையும் சிங்களத்தையும் இலக்கியம் படைக்கும் அளவுக்குக் கற்றார். அகராதிகள் தொகுத்தார். நரேந்திரசிங்க மன்னனின் அவையில் மதிக்கப்பட்டார். அவர் எழுதிய பாஸ்கு ஒப்பாரிகள் இன்றும் தவக்காலத்தில் சிங்களக் கத்தோலிக்க ஊர்களில் பாடப்படுகின்றன.

வாஸ் அடிகளாரிடம் இத்தனை நூல்களை எதிர்பார்த்திருக்க முடியாது. கொன்சால்வெஸ் அடிகளாரை வாஸ் போல மட்டும் இருக்கச் சொல்லியிருந்தால் அந்தப் பாடல்கள் நமது நாட்டுக்குக் கிடைத்திருக்காது. முன்னவர் மக்களைத் தேடி ஒன்றுசேர்த்தார், பின்னவர் அவர்கள் கையில் படிக்கவும் பாடவும் நூல் கொடுத்தார். சுபாவம் இரண்டு, பணி ஒன்று. இருவரிடமும் பொதுவாக இருந்தது குணமல்ல. மக்களின் மொழியைக் கற்கும் பணிவும், கஷ்டத்தில் விட்டுப் போகாத உறுதியும்தான்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நிற்க ஒரு நிலம் வேண்டும். அந்த நிலத்தைக் கொடுத்தவர்கள் பௌத்த மன்னர்கள். 1626இல் போர்த்துக்கேயர் முஸ்லிம்களைத் துரத்தியபோது செனரத் மன்னன் நம்மவர்களுக்குக் கிழக்கில் இடம் கொடுத்தான். தவளம் மாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றி மலைநாடெங்கும் நம் முன்னோர் வியாபாரம் செய்ததும் இதே இராச்சியத்தில்தான். ஒல்லாந்தரிடமிருந்து தப்பிய கத்தோலிக்கரும் அதே கதவால்தான் உள்ளே வந்தார்கள். ஆகவே இந்தக் குருமாரின் கதை நமக்கு அந்நியமானதல்ல.

பேசத் தயங்கும் ஒரு பயிலுனரைப் பார்த்து "நீங்கள் ஆசிரியராக முடியாது" என்று சொல்ல முன் நாம் ஒரு கேள்வி கேட்போம்: பிள்ளைகளின் மொழி இவருக்குப் புரிகிறதா, கஷ்டமான நாளில் இவர் வகுப்பை விட்டுப் போகாமல் நிற்பாரா? ஆம் என்றால், மிச்சத்தை அவருடைய சுபாவம் தன் வழியிலேயே செய்யட்டும்.