நீலமீன்: பிடித்த கைகளும் பழித்த சொற்களும்

கடலைப் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் கப்பல்களின் வரலாறாகவும் போர்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளன. கரையில் நின்று தூண்டில் எறிந்தவனுக்கும், நீருக்குள் அதனைக் கவ்விய மீனுக்கும் அவ்வேடுகளில் இடம் அரிது. எனினும் ஒரு மீனை மக்கள் எவ்வாறு பிடித்தனர், அதனைப் பற்றி என்ன எண்ணினர் என்று ஆராயப் புகுந்தால், மீனைவிட மனிதரைப் பற்றியே நாம் மிகுதியாக அறிய நேர்கிறது. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையாகிய நியூ இங்கிலாந்தில் ‘புளூஃபிஷ்’ என வழங்கும் மீனின் கதை இதற்கு ஏற்ற சான்றாகும். அதனை நீலமீன் என்றே இக்கட்டுரையில் குறிப்போம்.

பொமடோமஸ் சால்டாட்ரிக்ஸ் என்பது இம்மீனுக்கு அறிவியலார் இட்ட பெயர். தன் குடும்பத்தில் இன்று வாழும் இனம் இஃதொன்றே. முதுகு நீலமும் பச்சையும் கலந்த நிறம், வயிறு வெள்ளி. தாடைகளில் வரிசையாய் அமைந்த கூரிய பற்கள் நூல் கயிற்றை நொடியில் அறுத்துவிடும். ஆதலால் தூண்டில் முள்ளை அடுத்துக் கம்பி இணைப்பது இம்மீனைப் பிடிப்போரின் வழக்கம். 1972ஆம் ஆண்டில் வட கரோலினாவின் ஹாட்டராஸ் கடலில் தூண்டிலுக்கு அகப்பட்ட ஒன்று 31 பவுண்டு 12 அவுன்ஸ், அதாவது 14 கிலோவுக்கும் மேல் எடை கொண்டிருந்தது. பனிக்காலத்தில் தெற்கே தங்கி, நீர் வெதும்பும்போது கூட்டங்கூட்டமாய் வடக்கே வருவது இதன் இயல்பு. கோடை முழுதும் நியூ இங்கிலாந்துக் கரைகளில் மேய்ந்துவிட்டு, இலையுதிர் காலத்தில் திரும்பிச் செல்லும்.

1672ஆம் ஆண்டில் தம் நூலை வெளியிட்ட ஜான் ஜோசலின் என்னும் ஆங்கிலேயர், இம்மீனை இங்கிலாந்தில் தாம் கண்டதில்லை என்றும், உண்பதற்கு மிக நல்லது என்றும் குறித்தார். நான்டக்கெட் தீவினரான சக்கேயஸ் மேசி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிவைத்த குறிப்பு இதனினும் விரிவானது. ஆங்கிலேயர் அத்தீவில் குடியேறிய நாள் முதலாக நீலமீன் அங்கே கோடைதோறும் திரளாகக் கிடைத்தது. முப்பது மீன் ஒரு பீப்பாயை நிரப்பும். 1764ஆம் ஆண்டில் அது முற்றாக மறைந்தது. அதன்பின் ஒன்றும் அகப்படவில்லை என்பது அவர் தரும் செய்தி. அம்மறைவைத் தம் மக்களுக்கு நேர்ந்த பெரிய இழப்பாகவும் அவர் குறிக்கிறார்.

இச்செய்தியோடு அவர் மற்றொன்றையும் சேர்த்து எழுதுகிறார். அது மீனைப் பற்றியதன்று. 1763ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் அத்தீவின் பூர்வகுடியினரான வாம்பனோவாக் மக்களிடையே ஒரு கொள்ளைநோய் பரவியது. 358 பேர் இருந்த அச்சமூகத்தில் 222 பேர் மாண்டனர். வெள்ளையரை அந்நோய் ஏறத்தாழத் தீண்டவேயில்லை. நோய் ஓய்ந்த அதே ஆண்டில் மீன் மறைந்தது என்பதுதான் மேசியின் வியப்பு. திமிங்கில வேட்டைப் படகுகளில் துடுப்பு வலித்து அத்தீவின் செல்வத்துக்கு உழைத்த மக்கள் அவர்கள். மாண்டவர்களின் பெயர்கள் அக்குறிப்பில் இல்லை, எண்ணிக்கையே உண்டு. மீனின் மறைவு வருத்தத்தோடு எழுதப்பட்டது. மனிதரின் மறைவு அம்மீன் மறைந்த ஆண்டுக்கு ஓர் அடையாளமாக நின்றது. கடற்கரை வரலாற்றைப் படிப்போர் இவ்விடத்தில் சற்றே நின்று செல்வது நன்று.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்து, 1810ஆம் ஆண்டை ஒட்டி நீலமீன் நியூ இங்கிலாந்தின் தென்கரைக்கு மீண்டது. 1837ஆம் ஆண்டில் கேப் காட் முனைக்கு வடக்கேயும் காணப்பட்டது. பெருகுவதும் அருகுவதும் இம்மீனின் இயல்பு என்பதைக் கரைவாழ் மக்கள் அன்று அறிந்திலர். வந்ததைக் கண்டனர், பிடிக்கத் தொடங்கினர்.

பிடித்த முறைகளுள் மிக எளியது ‘எறிந்து இழுத்தல்’ என நான்டக்கெட் மக்கள் வழங்கியது. தடி இல்லை, உருளை இல்லை. ஈயத்தால் வார்த்த நீண்ட குண்டு ஒன்றில் முள் பதித்திருக்கும். அதனைச் சுரண்டிப் பளபளப்பாக்குவர். சிலர் விலாங்குத் தோல் போர்த்துவர். முழங்கால் அளவு அலையில் நின்று, அதனைத் தலைக்கு மேல் சுழற்றி, நுரைக்கு அப்பால் வீசி எறிந்து, கை மாற்றிக் கை மாற்றி விரைவாக இழுப்பர். ஓடும் சிறுமீன் எனக் கருதி நீலமீன் கவ்வும். கவ்வியதும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கரைமேல் நடந்தே மீனை மணலுக்கு இழுத்து வருவதும் உண்டு. இதில் இரையே இல்லை என்பது கருதத்தக்கது. பசியைக் காட்டிலும் ஓடுவதைத் துரத்தும் வேகமே அம்மீனை மாட்டிவிடுகிறது.

ஒற்றைப் பாய் கட்டிய அகன்ற படகுகளில் சென்றோர், எலும்பாலோ வெள்ளீயத்தாலோ செய்த பொய்யிரைகளைப் படகின் பின்னே இழுத்துச் சென்றனர். கயிறு விரலை அறுக்காதிருக்கத் துணிச்சுற்று அணிந்தனர். எங்கே செல்வது என்பதைப் பறவைகள் காட்டின. ஆலாக்களும் கடற்காக்கைகளும் ஓரிடத்தில் கூடிக் கூவி விழுந்து எழுந்தால், அங்கே கீழிருந்து நீலமீன் கூட்டம் சிறுமீன்களை மேலே துரத்துகிறது என்பது பொருள். பறவை இல்லாதபோது மூக்கு உதவியது. கூட்டம் மேய்ந்த இடத்தில் நீர்மேல் எண்ணெய்ப் படலம் படரும். அதிலிருந்து முலாம்பழம் அல்லது வெள்ளரியின் மணம் எழும் என்பது இன்றும் அக்கரை மீனவர் கூறும் அனுபவம். நங்கூரமிட்ட படகிலிருந்து, நம் மத்தியின் உறவான மென்ஹேடன் மீனை அரைத்து நீரில் கரைத்துவிட்டுக் கூட்டத்தை வரவழைப்பது இன்னொரு முறை. கோடையின் இறுதியில் குடாக்களில் திரியும் குஞ்சுகளை, தக்கை கட்டிய மூங்கில் தூண்டிலால் துறைமேடைகளில் அமர்ந்து சிறுவர் பிடித்தனர். பலருக்குக் கடலோடு ஏற்பட்ட முதல் உறவு அதுவே.

இவ்வளவு அணுக்கமாக அறிந்த மீனின்மேல் வெறுப்பு எங்ஙனம் வந்தது? அதற்கு ஒரு வழக்கு காரணமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்குப் பின் இக்கரைகளில் கம்பு நட்டு வலை கட்டும் நிலைவலைகள் பெருகின. ஸ்கப் முதலிய கரையோர மீன்கள் குறைந்தன. தூண்டிற்காரர்கள் நிலைவலைகளைக் குற்றஞ்சாட்டினர். வலைக்காரர்களோ நீலமீனைச் சுட்டிக் காட்டினர். எல்லாவற்றையும் தின்று தீர்ப்பது அதுவே என்றனர். வழக்கு மாநில மன்றங்களைக் கடந்து நாட்டின் பேரவைக்குச் சென்றது. 1871ஆம் ஆண்டில் மீன்வள ஆணையம் ஒன்று நிறுவப்பட்டு, ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த விலங்கியலறிஞர் ஸ்பென்சர் ஃபுல்லர்டன் பேர்டு அதன் ஆணையராக அமர்ந்தார். உட்ஸ் ஹோல் என்னும் சிற்றூரில் தங்கி, மீனவர்களின் சாட்சியங்களைக் கேட்டு எழுதினார்.

பேர்டு நேர்மையானவர், வலைகளையும் அவர் விட்டுவிடவில்லை. அவற்றுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றே கூறினார். ஆயினும் நீலமீனைப் பற்றிய அவருடைய கணக்கே மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது. கரையோரத்தில் நூறு கோடி நீலமீன் உண்டு எனக் கொண்டார்; ஒவ்வொன்றும் நாளொன்றுக்குப் பத்துச் சிறுமீனை அழிப்பதாகக் கொண்டார்; நாளுக்கு ஆயிரங்கோடி மீன் அழிகிறது என முடித்தார். தொடக்க எண் எண்ணியறிந்ததன்று, உத்தேசமே. ஆனால் அச்சில் ஏறிய உத்தேசம் உண்மையின் தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது. பசிக்கு மேலாகக் கொல்லும் மீன், கொலையில் இன்பம் காணும் மீன் என்னும் பழி அதன் பின்னர் நூலுக்கு நூல் தொடர்ந்தது. இரையைத் துண்டாக வெட்டும் பல்லமைப்பு உடைய மீன் கூட்டமாய் உண்ணும்போது துண்டுகள் சிதறுகின்றன. சிதறியவை பறவைகளுக்கும் அடியில் காத்திருக்கும் பிற மீன்களுக்கும் உணவாகின்றன. கண்ட காட்சி ஒன்றே. அதற்கு ‘வெறி’ என்று பெயரிட்டது மனிதர் மொழி. அக்கடலிலேயே அளவின்றிப் பிடித்தவர் வேறு எவர் என்ற வினா, அப்பெயரின் நிழலில் சற்று மறைந்துகொண்டது.

இதே மீன் போஸ்பரஸ் நீரிணையிலும் உண்டு. துருக்கியர் அதனை வெறுக்கவில்லை, போற்றினர். அளவுக்கு ஏற்பப் பெயர் வைத்தனர். மிகச் சிறியது ‘பிரிஞ்சி இலை’ என்று பொருள்படும் பெயர் பெற்றது. வளர வளரச் சினேகோப், சாரிகனாத், லூஃபர், கோஃபனா எனப் பெயர் மாறும். நம்மவர் பூவின் பருவங்களை அரும்பு, மொட்டு, போது, மலர் எனப் பிரித்ததை ஒத்தது இது. பெயர் இருந்ததனால் இழப்பும் கண்ணுக்குத் தெரிந்தது. சந்தையில் லூஃபர் அருகிச் சினேகோப்பே நிறைந்தபோது, வளருமுன் பிடிக்கிறோம் என்பதை இஸ்தான்புல் மக்கள் உணர்ந்தனர். 2010ஆம் ஆண்டில் எழுந்த மக்கள் இயக்கத்தைத் தொடர்ந்து, 2011ஆம் ஆண்டில் பிடிக்கத்தக்க குறைந்த அளவு 14 சென்டிமீட்டரிலிருந்து 20 சென்டிமீட்டராக உயர்த்தப்பட்டது.

அமெரிக்கக் கரையில் நிலைமை வேறாக இருந்தது. நீலமீனின் சதை எண்ணெய்ப் பசை மிக்கது. பிடித்தவுடன் குருதி வடித்துப் பனிக்கட்டியில் வைக்காவிடில் விரைவில் கெடும். ஆகவே சந்தையில் மலிவு, பிடிப்பதிலோ பேரின்பம். இருபதாம் நூற்றாண்டில் உருளைத் தூண்டிலும் விசைப்படகும் பெருகியபின், விளையாட்டாகப் பிடிப்போரின் பங்கே மிகுந்தது. உண்ண விருப்பமில்லாத மீனைக் கூடை கூடையாகப் பிடித்து, அண்டை வீட்டார்க்குக் கொடுத்து, அவர்களும் மறுத்தபோது எறிந்த காலமும் உண்டு. பசிக்கு மேல் கொல்கிறது என்று எந்த மீனைப் பழித்தனரோ, அம்மீனைப் பசியே இன்றிக் கொன்றனர்.

இம்மனப்போக்கைத் தட்டிக் கேட்ட நூல் ஒன்று 1987ஆம் ஆண்டில் வந்தது. ‘ஹிரோஷிமா’ எழுதிய ஜான் ஹெர்சியின் ‘புளூஸ்’ என்பதே அது. மார்த்தாஸ் வின்யார்ட் தீவின் கடலில் ஒரு மீனவரும் ஓர் அயலாரும் உரையாடுவதாக அமைந்த அந்நூலில், இடையிடையே பல கவிஞர்களின் மீன் கவிதைகளும் இடம்பெற்றுள்ளன. ஓர் உயிரைக் கொன்று மகிழலாமா என்ற வினாவை அது மூடி மறைக்கவில்லை. அணுகுண்டுக்கு இரையான நகரத்தைப் பற்றி எழுதிய கை, நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு மீனின் சாவைப் பற்றி எழுதியது தற்செயல் என்று தோன்றவில்லை.

பின்னர்ச் சட்டமும் வந்தது. நீலமீனுக்கான மேலாண்மைத் திட்டம் 1990ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. எனினும் மீன்வளம் மிகக் குறைந்துள்ளதாக 2019ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டில், கரையிலும் சொந்தப் படகிலும் பிடிப்போர்க்கு நாளொன்றுக்கு 3 மீன், வாடகைப் படகில் செல்வோர்க்கு 5 மீன் என வரம்பு குறைக்கப்பட்டது. நூறு கோடி என்று கணக்கிட்ட கடலில் விரல்விட்டு எண்ணும் நிலை வந்தது.

கவிஞர்கள் கூடும் ஒரு வட்டத்தின் மலரில் மீன்பிடியைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று சிலர் வினவலாம். ஒரு மீனை ‘வெறியன்’ என்று அழைத்தது ஓர் உவமை. அவ்வுவமை அறிக்கையாயிற்று, அறிக்கை வழக்கமாயிற்று, வழக்கம் கூடையை நிரப்பியது. பருவத்துக்கொரு பெயரிட்டு அழைத்ததும் மொழியின் செயலே. அது குஞ்சு மீனைக் காக்க ஒரு நகரத்தைத் தூண்டியது. சொல் இவ்விரு வேலையும் செய்யும். 222 பேரை எண்ணாக மட்டும் எழுதி, மீனுக்காக வருந்திய அந்தப் பழைய குறிப்பும் சொல்லால் ஆனதே. நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்த மரபில் வந்த நாம், எதற்கு இரங்குகிறோம், எதனை இரங்காது கடந்து செல்கிறோம் என்பதை நம் ஏடுகளிலும் பார்த்துக்கொள்ளுதல் தகும்.