வில்லையின் வரலாறு

கோயிலுக்குச் செல்வோர் வாயிலில் காலணிகளை ஒப்படைத்து, எண் பொறித்த வில்லை ஒன்றைப் பெறுவர். அதில் அவர்தம் பெயரோ ஊரோ இராது. திரும்பி வந்து வில்லையைக் காட்டியதும், காப்பாளர் உரிய காலணிகளை எடுத்துத் தருவார். இணையத்தில் ‘குக்கீ’ எனப்படுவதும் இத்தகைய வில்லையே.

தொடக்க காலத்து இணையதளங்களுக்கு நினைவாற்றல் இல்லை. சற்றுமுன் ஒரு பக்கத்தைக் கண்டவரே அடுத்த பக்கத்தையும் கேட்கிறார் என்பதை அவை அறியமாட்டா. இந்நிலையில், வாங்குவோர் தெரிந்தெடுத்த பொருள்களைக் கடை எங்ஙனம் நினைவிற் கொள்ளும்? இக்குறையை நீக்க, அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனப் பொறியாளர் லூ மான்டுல்லி 1994ஆம் ஆண்டில் குக்கீயை உருவாக்கினார். தளம் அனுப்பும் சிறு குறிப்பை உலாவி சேமித்து வைக்கும். மறுமுறை செல்லுங்கால் அத்தளத்திடமே திருப்பிக் காட்டும். ஒரு தளம் தந்ததைப் பிறிதொரு தளம் காண இயலாது. மக்களைத் தளந்தோறும் எவரும் பின்தொடரலாகாது என்பதற்கே இக்கட்டுப்பாடு.

ஆயினும், வேலியில் ஓர் இடைவெளி இருந்தது. ஒரு பக்கத்திற் காணும் படங்கள் யாவும் அத்தளத்திலிருந்தே வருவனவல்ல. விளம்பரப் படத்தை விளம்பர நிறுவனத்தின் கணினி அனுப்புகிறது. அதுவும் தன் வில்லையைத் தந்துவிடுகிறது. அந்நிறுவனத்தின் விளம்பரம் செய்தித்தளத்திலும், கடையிலும், நோய்பற்றிய பக்கத்திலும் இடம்பெறுமாயின், மூன்றிடத்தும் அதே வில்லை காட்டப்படும். நாம் படித்ததும், வாங்கியதும், அஞ்சியதும் ஒரே ஏட்டில் ஏறிவிடும். இதுவே மூன்றாம் தரப்புக் குக்கீ.

இவ்விடரை அறிஞர் உணராமலில்லை. டேவிட் கிரிஸ்டலும் மான்டுல்லியும் எழுதிய இணைய விதி 1997 பிப்ரவரியில் வெளியாயிற்று. பயனர் தாமே அனுமதித்தாலன்றி இத்தகைய குக்கீகள் இயங்கலாகாது என்று அது வகுத்தது. அந்நாளிற் பெரிதும் வழங்கிய நெட்ஸ்கேப், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஆகிய இரு உலாவிகளும் அவ்விதியை ஏற்கவில்லை. கண்டுபிடித்தவர் பணியாற்றிய நிறுவனமே அவர் எழுதிய விதியைக் கைக்கொள்ளவில்லை!

இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்து, 2020 மார்ச்சில் ஆப்பிளின் சஃபாரி உலாவி மூன்றாம் தரப்புக் குக்கீகளை முற்றிலும் தடுத்தது. அவ்வாண்டு ஜனவரியில் கூகுளும், ஈராண்டுக்குள் தன் குரோம் உலாவியிலிருந்து அவற்றை அகற்றுவதாக அறிவித்தது. பலமுறை தள்ளிவைத்து, 2024 ஜூலையில் அத்திட்டத்தைக் கைவிட்டது. விளம்பரமே அதன் தலையாய வருவாய் என்பதையும் உடன் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? நம்மிற் பெரும்பாலோர், கருவி எவ்வாறு கைக்கு வந்ததோ அவ்வாறே அதனைப் பயன்படுத்துகிறோம். ஆதலின், முதலில் அமைத்துக் கொடுப்பவரே நமக்காக முடிவு செய்துவிடுகிறார். விதி ஏட்டில் இருந்தது, கேட்பார் இல்லை. நும் உலாவியின் ‘அமைப்புகள்’ பகுதியை இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள். நும் பொருட்டுப் பிறர் செய்துவைத்த முடிவு அங்கே இருக்கும். அதனை ஏற்பதும் மாற்றுவதும் இனி நும் பொறுப்பு.