ஒரேயொரு பிரதி

சென்ற வருடம் எங்களூர்க் கல்யாண வீடொன்றில் நடந்தது இது. என்னிடம் படித்து, இப்போது கத்தாரில் வேலை செய்யும் பையனொருவன் விடுமுறையில் வந்திருந்தான். அவனது கழுத்தில் ஒரு கமெரா தொங்கியது. கறுப்புத் தோல் போர்த்தியது போன்ற உடம்பு, வெள்ளி நிற விளிம்பு, திருகுவதற்கு ஒரு வட்டக் குமிழ். எங்கள் வாப்பாமார் காலத்துக் கமெரா போலிருந்தது. "பழசா?" என்று கேட்டேன். "இல்ல சேர், புதுசு. பழசு மாதிரிச் செஞ்சிரிக்கான்" என்றான். ஜப்பானின் பியூஜிபிலிம் கம்பனி தயாரிக்கும் இன்ஸ்டக்ஸ் வகைக் கமெரா அது. எடுத்த படம் அப்போதே சிறிய அட்டையாக வெளியே வரும்.

வாசலோரத்தில் என் சாச்சி அமர்ந்திருந்தார். கைத்தொலைபேசியால் தன்னை யாரும் படமெடுக்க அவர் விடுவதில்லை. "வேணாம் மகன், அது ஊரெல்லாம் சுத்தும்" என்பதே அவரது வழக்கமான பதில். பையன் கமெராவைக் காட்டி விளக்கினான்.

"இதுல எடுத்தா படம் உள்ளுக்கு நிக்காது மாமி. வெளியில வரும். உங்கட கையிலேயே தந்திருவன்."

"இன்னொன்டு இரிக்காதா?"

"இல்ல மாமி. இது ஒன்டுதான்."

சாச்சி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து அமர்ந்தார். அட்டை வெளியே வந்தது. வெள்ளையாய் இருந்த அதன் நடுப்பகுதி மெல்ல மெல்ல அவரது முகமாக மாறுவதைச் சுற்றி நின்ற சிறுவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தனர். சாச்சி அதை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆயிரம் படங்களைச் செலவின்றி எடுக்கத் தொலைபேசி இருக்கையில், ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அட்டையைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய இந்தக் கமெராவை உலகெங்கும் இளைஞர்கள் ஏன் விரும்புகிறார்கள்? பழைமை மோகம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால், சாச்சிக்குப் பழைமை மோகம் எதுவும் கிடையாது. "இன்னொன்டு இரிக்காதா?" என்ற அவரது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. முக்கால் நூற்றாண்டு கடந்த உடனடிப் புகைப்படத்தின் வரலாற்றை அந்தக் கேள்வியோடு வாசித்துப் பார்க்கலாம்.

அந்த வரலாறும் ஒரு கேள்வியில்தான் தொடங்குகிறது. 1943ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க விஞ்ஞானி எட்வின் லேண்ட் நியூ மெக்சிகோ மாநிலத்தின் சாண்டா ஃபே நகரில் குடும்பத்துடன் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தார். அவர் எடுத்த படமொன்றை உடனே பார்க்க முடியாதது ஏன் என்று அவரது மூன்று வயது மகள் கேட்டாள். அதன்பின் நடக்கப்போன அவர், ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே கமெராவினதும் பிலிமினதும் இரசாயனத்தினதும் அமைப்பு மனதில் உருவாகிவிட்டதாகப் பிற்காலத்தில் சொல்லிவந்தார். கதை சற்று மெருகேறியிருக்கலாம். எனினும் லேண்ட் அதற்கான ஆயத்தத்துடன் இருந்தவர். 1909இல் பிறந்து, ஹாவர்ட் பல்கலைக்கழகப் படிப்பை முடிக்காமல் வெளியேறி, ஒளியை முனைவாக்கும் மெல்லிய தகடுகளைக் கண்டுபிடித்தவர். பொலரொய்ட் என்பது முதலில் அந்தத் தகட்டின் பெயர். 1937இல் அவர் நிறுவிய கம்பனிக்கும் அதுவே பெயராயிற்று.

1947 பெப்ரவரி 21ஆம் திகதி, நியூயோர்க்கில் கூடிய அமெரிக்க ஒளியியல் சங்கத்தின் முன்னிலையில் லேண்ட் தன்னையே படமெடுத்து, ஒரு நிமிடத்தில் தாளை உரித்துக் காட்டினார். 1948 நவம்பர் 26இல் பொஸ்டன் நகரின் ஜோர்டன் மார்ஷ் கடையில் முதற் கமெரா விற்பனைக்கு வந்தது. மொடல் 95 எனப்பட்ட அதன் விலை 90 டொலருக்குச் சற்றுக் குறைவு. அக்காலத்தில் அது பெரிய தொகை. ஆனாலும் கடைக்குக் கொண்டுவரப்பட்டவை முதல் நாளிலேயே விற்றுத் தீர்ந்தன.

அதன் செயற்பாட்டை எளிமையாகச் சொல்லலாம். சாதாரண பிலிமில் ஒளிபட்ட வெள்ளி உப்பு கறுத்து நெகடிவ் ஆகும். ஒளிபடாத உப்பைக் கழுவி அகற்றுவார்கள். லேண்ட் அந்தக் கழிவைப் பயன்படுத்தினார். நெகடிவ் தாளையும் வெற்றுத் தாளையும் இரண்டு உருளைகளுக்கிடையே இழுக்கும்போது, இடையிலுள்ள சிறு பை உடைந்து பசை போன்ற இரசாயனம் பரவும். ஒளிபடாத வெள்ளி அதில் கரைந்து மறுதாளுக்குச் சென்று அங்கே படமாகும். ஒரு நிமிடம் கழித்து உரித்தால் படம் கையிலிருக்கும். நெகடிவ் பெரும்பாலும் குப்பைக்குப் போகும். இருட்டறை இல்லை, ஸ்டூடியோக்காரர் இல்லை, படத்தை இடையில் பார்க்கும் மூன்றாமவர் இல்லை. மறுபிரதி எடுக்க மூலமும் இல்லை. வேகத்துக்காகச் செய்யப்பட்ட கண்டுபிடிப்பில் இந்தத் தனிமையும் சேர்ந்தே வந்தது.

1963இல் வர்ணப் பிலிம் வந்தது. 1972இல் வந்த எஸ்எக்ஸ்-70 லேண்டின் கனவு முழுமையடைந்த கமெரா எனலாம். மடித்தால் மேலங்கிப் பைக்குள் அடங்கும். பித்தானை அழுத்தியதும் மோட்டார் அட்டையை வெளியே தள்ளும். உரிக்க வேண்டியதில்லை. வெளிச்சத்திலேயே, பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் தெளியும். அட்டையின் அடியிலுள்ள அகலமான வெள்ளை ஓரம் அலங்காரத்துக்கு வைத்ததன்று. இரசாயனப் பை அங்கேதான் இருக்கிறது. பெயரும் திகதியும் எழுதும் இடமாக மக்கள் அதை மாற்றிக்கொண்டார்கள். படத்தை விசிறி உலர்த்துவது உரிக்கும் பிலிம் காலத்துப் பழக்கம். மூடிய அட்டைக்கு அது தேவையற்றது. இருந்தும் இன்றுவரை பலரும் விசிறுகிறார்கள்.

கலைஞர்களும் இக்கமெராவை விரும்பினர். அமெரிக்கக் கிராமிய வறுமையைப் படமாக்கிய வோக்கர் எவன்ஸ் தனது கடைசி வருடங்களில் எஸ்எக்ஸ்-70ஐக் கையிலெடுத்தார். ரஷ்யத் திரைப்பட மேதை அந்திரேய் தார்க்கோவ்ஸ்கி 1979 முதல் 1984 வரை ரஷ்யாவிலும் இத்தாலியிலும் எடுத்த பொலரொய்ட் படங்கள் பின்னர் நூலாக வந்தன. பனிமூட்டத்தில் நிற்கும் மனைவி, மகன், நாய், கிராமத்து வீடு. திரும்பிப் போக முடியாத ஊரின் படங்களாக அவை இப்போது நமக்குத் தெரிகின்றன.

இதுவரை சொன்னது கதையின் வெளிச்சமான பக்கம். மறுபக்கமும் உண்டு.

1970இல், பொலரொய்ட்டின் தலைமையகம் இருந்த மசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜில், அங்கு பணிபுரிந்த கறுப்பினத்தவர் இருவர் ஓர் அடையாள அட்டையின் மாதிரியைக் கண்டனர். அதில் தென்னாபிரிக்கச் சுரங்கத் திணைக்களத்தின் பெயர் இருந்தது. ஒருவர் இரசாயனவியலாளர் கரோலின் ஹன்டர். மற்றவர் புகைப்படக்காரர் கென் வில்லியம்ஸ். தேடிப் பார்த்தபோது, ஐடி-2 என்ற பொலரொய்ட் கருவி தென்னாபிரிக்காவில் கறுப்பினத்தவரின் பாஸ் புத்தகங்களுக்குப் படமெடுக்கப் பயன்படுவது தெரியவந்தது. அந்தக் கருவி ஒரே நிமிடத்தில் இரண்டு படங்களைத் தரும்.

பாஸ் புத்தகம் என்னவென்பதை விளக்க வேண்டும். கறுப்பினத்தவர் தமது சொந்த நாட்டிலேயே எங்கே வேலை செய்யலாம், எங்கே தங்கலாம் என்பதை அதுதான் தீர்மானித்தது. அதைக் காட்டத் தவறினால் சிறை. 1960 மார்ச் 21இல் ஷார்ப்வில்லில் பாஸ் சட்டத்துக்கு எதிராகத் திரண்ட மக்கள் மீது பொலிஸார் சுட்டபோது 69 பேர் இறந்ததாக அரசே கணக்குக் கூறியது. மகளின் ஆவலைத் தீர்க்கப் பிறந்த கண்டுபிடிப்பு அந்தப் புத்தகத்துக்குள்ளும் புகுந்திருந்தது.

ஹன்டரும் வில்லியம்ஸும் பொலரொய்ட் புரட்சிகரத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கி, கம்பனியின் பொருட்களைப் புறக்கணிக்குமாறு கேட்டனர். கம்பனி 1971இல் அரசுக்கான விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தது. தன் முகவர் நிறுவனத்தில் கறுப்பினத்தவரின் சம்பளத்தை உயர்த்தப் போவதாகவும் சொன்னது. ஹன்டர் வேலையை இழந்தார். அந்த முகவர் நிறுவனம் அரசுக்கு இரகசியமாக விற்றுவந்தது 1977இல் பத்திரிகையில் அம்பலமானபோதுதான் பொலரொய்ட் தென்னாபிரிக்காவிலிருந்து முற்றாக வெளியேறியது. தொழிலாளர் இருவர் தொடங்கிய போராட்டம் ஏழு வருடங்களில் வென்றது. பாஸ் சட்டங்கள் 1986இல் நீக்கப்பட்டன.

இதை வாசித்தபோது எனக்கு உம்மம்மாவின் நினைவு வந்தது. அவருடைய படமென்று எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அது தேசிய அடையாள அட்டைக்காக எடுத்தது. எடுத்தவர் பட்டினத்து ஸ்டூடியோக்காரர். எடுக்கச் சொன்னது அரசாங்கம். அந்தப் படத்தில் உம்மம்மா சிரிக்கவில்லை. பயந்துபோனவர் போலிருக்கிறார். வீட்டில் எப்போதும் சிரித்துக்கொண்டிருந்த அந்த மனுசியை அறியாத பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பயந்த முகம்தான் உம்மம்மா. எங்கள் கிராமங்களில் அந்தத் தலைமுறைப் பெண்கள் பலரது நிலை இதுதான். அவர்கள் விரும்பி எடுத்த படம் கிடையாது. சோதனைச் சாவடிகளில் நீட்டிய அட்டையில் இருந்த படம் மட்டுமே உண்டு. ஒரு முகத்தின் படம் யாருக்காக எடுக்கப்படுகிறது, யாருடைய கையில் இருக்கிறது என்பது சின்ன விடயமன்று.

பொலரொய்ட் கம்பனியின் பிற்கால வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1976இல் கொடக் கம்பனி உடனடிக் கமெராவுடன் போட்டிக்கு வந்தது. பொலரொய்ட் காப்புரிமை வழக்குத் தொடுத்து வென்றது. 1986இல் கொடக் அத்தொழிலைக் கைவிட்டது. 1990இல் நீதிமன்றம் விதித்த நட்டஈடு 90 கோடி டொலருக்கும் அதிகம். லேண்ட் 1991இல் காலமானார். வழக்கில் தோற்காத கம்பனி டிஜிட்டல் கமெராவிடம் தோற்றது. 2001இல் வங்குரோத்தானது. 2008 பெப்ரவரியில் உடனடிப் பிலிம் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது.

அதே 2008இல், நெதர்லாந்தின் என்ஷெடே நகரிலிருந்த பொலரொய்ட்டின் கடைசிப் பிலிம் தொழிற்சாலை மூடப்படும் வேளையில், வியன்னாவைச் சேர்ந்த புளோரியன் காப்ஸும் அத்தொழிற்சாலையில் பணியாற்றிய அந்த்ரே பொஸ்மனும் சந்தித்தனர். இயந்திரங்களை விலைக்கு வாங்கி, பழைய தொழிலாளர் சிலரை வைத்துக்கொண்டு, 'இம்பொசிபிள்' என்ற பெயரில் வேலையைத் தொடங்கினர். பழைய இரசாயனங்கள் பல எங்கும் கிடைக்கவில்லை. எனவே பிலிமைப் புதிதாகவே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2010இல் வந்த முதற் பிலிம்கள் மங்கலாய் இருந்தன. வெளியே வரும்போது வெளிச்சம் படாமல் கையால் மறைக்க வேண்டும். முன்பு ஒரு பெட்டியில் 10 படங்கள். இவர்களால் கொடுக்க முடிந்தது 8. அப்படியிருந்தும் வாங்கினார்கள். பின்னர் இந்த நிறுவனமே பொலரொய்ட் என்ற பெயருக்கு உரியதானது. 2017இல், 1970களின் சாயலில் ஒன்ஸ்டெப் 2 என்ற புதிய கமெராவை வெளியிட்டது.

பியூஜிபிலிமின் அனுபவமும் இதை ஒத்தது. 1998இல் அறிமுகமான இன்ஸ்டக்ஸ், 2002 அளவில் வருடத்துக்கு ஏறத்தாழ 10 இலட்சம் விற்று, சில வருடங்களில் ஓர் இலட்சமளவுக்கு வீழ்ந்தது. முடிந்த கதை என்றே எண்ணியிருப்பார்கள். ஆனால் 2018 நிதியாண்டில் விற்றவை ஒரு கோடி. 2013இல் வந்த மினி 90 போன்றவை வேண்டுமென்றே பழைய கமெராவின் தோற்றத்தில் வடிவமைக்கப்பட்டவை.

எது மாறியது? கமெரா பெரிதாக மாறவில்லை. அதைச் சூழ்ந்த உலகம் மாறியது. 1948இல் ஒரு நிமிடம் என்பது வியக்கத்தக்க வேகம். இன்று அது பொறுமையைச் சோதிக்கும் தாமதம். அன்று வேகத்துக்காக வாங்கியதை இன்று காத்திருக்கும் சுகத்துக்காக வாங்குகிறார்கள். பத்து அட்டைகள்தாம் உண்டு என்பதால் எதை எடுப்பதென்று யோசிக்கிறார்கள். எடுத்ததை அழிக்க முடியாது, திருத்த முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக அதை ஒருவருக்குக் கொடுக்கலாம். தொலைபேசியில் படத்தை அனுப்புகிறோம். அனுப்பிய பின்னும் அது நம்மிடமே இருக்கும். கொடுத்தால்தான் அது நம் கையைவிட்டுப் போகும்.

பழைய தோற்றத்தை மட்டும் விற்கும் கமெராக்களும் வந்துவிட்டன. 2021இல் வந்த இன்ஸ்டக்ஸ் மினி எவோ வெளித்தோற்றத்தில் அந்தக் காலத்தது. உள்ளே டிஜிட்டல். படத்தைத் திரையில் பார்த்து, பிடித்தால் அச்சிடலாம், எத்தனை தடவையும் அச்சிடலாம். வசதியானதுதான். ஆனால் சாச்சியின் கேள்விக்கு அந்தக் கமெராவால் "இல்லை" என்று பதில் சொல்ல முடியாது. அழகாயிருக்கும் தோல் உறையும் வட்டக் குமிழும் வெறும் சட்டை. அந்தப் பதில்தான் உடம்பு.

இதை நான் மிகைப்படுத்தவில்லை. ஒரேயொரு பிரதியையும் யாராவது தொலைபேசியால் மறுபடி எடுத்துவிட்டால், அதுவும் ஊர்சுற்றும். ஆனால் அதற்கு அந்த அட்டையை வைத்திருப்பவர் அதை வெளியே எடுத்துக் காட்ட வேண்டும். அந்தத் தீர்மானம் அவருடையது. பாஸ் புத்தகத்தில் முகம் ஒட்டப்பட்டவருக்கு அந்தத் தீர்மானம் இருக்கவில்லை. என் உம்மம்மாவுக்கும் இருக்கவில்லை.

கல்யாணம் முடிந்து சில மாதங்களுக்குப் பின் சாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் படத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அல்மாரியைத் திறந்து, உடுப்புகளுக்கடியிலிருந்து ஒரு பழைய கடித உறையை எடுத்தார். வெயில் பட்டால் நிறம் போகுமென்று பையன் சொல்லியிருந்தானாம். படத்தில் சாச்சி லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் கொஞ்சம் பார்த்திருப்பேன். அவர் கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன்.