செம்பனைக் கொட்டையும் ஒரு புரதக் குடும்பமும்



செம்பனைப் பழத்தை நறுக்கிப் பார்க்காத பிள்ளைகள் நம் தோட்டங்களில் குறைவு. வெளியே எண்ணெய் ஊறிய சதை, நடுவே கறுத்த ஓடு, அதற்குள் பருப்பு. சில மரத்துப் பழத்தில் ஓடு தடித்திருக்கும். சிலவற்றில் மெல்லியதாக இருக்கும். இந்த வேற்றுமை எப்படி வந்தது என்பதையே இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

1848இல் ஜாவாவின் போகோர் பூங்காவில் நான்கு செம்பனைக் கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் வழிவந்தவை தடித்த ஓடுடைய ‘டூரா’ வகை. மலாயாவின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் 1917இல் சிலாங்கூரில் எழுந்தது. அதன் பெயர் தென்னமரம்! அக்காலத் தோட்டங்களில் நின்றவை பெரும்பாலும் டூராவே. நம் பாட்டன்மார் சுமந்த குலையில் எண்ணெய் தராத ஓடும் சேர்ந்தே கனத்தது. சுமக்கிற தோளுக்கு ஓடென்றும் எண்ணெயென்றும் பேதமுண்டா?

1941இல் பெல்ஜிய கொங்கோவில் பெயர்நார்ட், வாண்டர்வேயன் என்ற இருவர் விடையின் முதற்பகுதியைக் கண்டனர். ஓட்டின் தடிப்பை ஒரே மரபணு முடிவு செய்கிறது. டூராவை ஓடில்லாத ‘பிசிபெரா’வோடு கலந்தால், மெல்லிய ஓடுடைய ‘தெனரா’ பிறக்கும். அது டூராவைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய் தரும். பிசிபெராவோ தனியே பெரும்பாலும் காய்ப்பதில்லை. 1960ஆம் ஆண்டுகளில் நம் நாட்டுத் தோட்டங்கள் தெனராவுக்கு மாறின.

ஆனால் எந்த மரபணு? 2013இல்தான் மலேசியச் செம்பனை வாரியத்தின் ராஜிந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி ஆகியோரும் அவர்களுடைய அமெரிக்கக் கூட்டாளிகளும் அதைக் கண்டறிந்தனர். ‘ஷெல்’ எனும் அம்மரபணு உண்டாக்கும் புரதம் ‘மேட்ஸ்’ குடும்பத்தைச் சேர்ந்தது. பெரட்டில் நிற்கும் கங்காணி தாமே பால் வெட்டுவதில்லை; யார் எந்த நிரைக்குப் போவது என்று சொல்வார். இப்புரதங்களும் அப்படித்தான். மரபணு இழையில் அமர்ந்து, எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது ஓய்ந்திருக்க வேண்டும் என்று ஆணையிடுகின்றன. பூவின் இதழ், மகரந்தம், சூலகம் எல்லாம் இக்குடும்பத்தின் சொற்படிதான் உருவாகின்றன. ஷெல் புரதத்தில் ஒரேயொரு கண்ணி மாறினாலும் ஓடு உருவாவது தடைப்படுகிறது. நல்ல படி ஒன்றும் மாறிய படி ஒன்றுமாக அமைந்ததே தெனரா.

இதனால் யாருக்கு என்ன பயன்? முன்பெல்லாம் மேடையில் டூரா கன்று கலந்துவிட்டால், மரம் காய்க்கும் வரை தெரியாது. தெரிந்தபின் வெட்டவும் மனம் வராது. ஏறத்தாழ 25 ஆண்டுகள் அந்த இடம் வீணாகும். பத்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரருக்கு அது சிறிய இழப்பல்ல. இப்போது நாற்றின் இலைத்துண்டு ஒன்றைச் சோதித்தாலே போதும்.

இதே குடும்பத்தின் இன்னொரு மரபணுவும் நம் செம்பனையைப் படாத பாடு படுத்தியது. ஆய்வுக்கூடத்தில் திசுவிலிருந்து வளர்த்த சில மரங்களின் பழங்கள் போர்வை போர்த்தியதுபோல் உருக்குலைந்து, எண்ணெயும் வற்றிப் போயின. 2015இல் காரணம் தெரிந்தது: அம்மரபணுவின் எழுத்துகள் மாறவில்லை, அதன் நடுவேயுள்ள ஒரு துண்டின் மீதிருந்த அடையாளக் குறிகள் மட்டும் அழிந்திருந்தன. அத்துண்டுக்கு அறிஞர்கள் வழங்கும் பெயர் ‘கர்மா’.