பள்ளிக்கூடத்தை அடிச்சு நொறுக்கினா இன்சூரன்சு பணம் வருமா?

தென்காசி:

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஜூன் மாதம்தான் பள்ளிக்கூடம் திறக்கும் மாதமும். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கம் தனியார் பள்ளி நடத்துபவர்களில் அங்கீகாரம் புதுப்பிக்க வேண்டியவர்கள் நாலு சான்றிதழுக்காக அலைவார்கள். கட்டிட உரிமம், கட்டிட உறுதி, சுகாதாரம், தீயணைப்பு. பள்ளி பஸ்சை இன்சூரன்சு இல்லாமல் ரோட்டில் இறக்கவே முடியாது. ஆனால் கட்டிடத்துக்கு இன்சூரன்சு போட்டிருக்கிறார்களா என்பது இந்த நாலு சான்றிதழிலும் இல்லை. பேங்க்கில் கடன் வாங்கியவர்கள் பேங்க் கேட்பதால் போடுகிறார்கள். மற்றவர்கள் தீ விபத்துக்கு பயந்து போடுகிறார்கள்.

கும்பல் புகுந்து பள்ளியை சூறையாடினால் அந்த பாலிசி கைகொடுக்குமா? நம்ம ஊருக்கு இது வேண்டாத கேள்வி அல்ல. 2007 ஆகஸ்டு 14-ந்தேதி தென்காசியில் நடந்த மோதலில் 6 பேர் கொல்லப்பட்டனர். பள்ளிக்கூடமே இலக்கானால் என்ன நடக்கும் என்பதை தமிழகம் 2022-ல் கள்ளக்குறிச்சியில் பார்த்தது.

கனியாமூரில் நடந்தது

கள்ளக்குறிச்சி மாவட்டம் சின்னசேலம் அருகே கனியாமூரில் உள்ள தனியார் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த பிளஸ்-2 மாணவி 2022 ஜூலை 13-ந்தேதி இறந்தார். நீதி கேட்டு போராட்டம் நடந்தது. 17-ந்தேதி ஞாயிற்றுக்கிழமை அது கலவரமாக வெடித்தது. பள்ளிக்குள் புகுந்த கும்பல் வகுப்பறைகளை அடித்து நொறுக்கியது. பள்ளி பஸ்களும் போலீஸ் வாகனமும் எரிக்கப்பட்டன. நாற்காலி, பெஞ்சு என்று கையில் கிடைத்ததை எல்லாம் சிலர் தூக்கிக்கொண்டு போன காட்சியை டி.வி.யில் பார்க்காதவர் இல்லை. மாணவர்களின் சான்றிதழ்களும் எரிந்து சாம்பலாயின. 300-க்கும் மேற்பட்டவர்களை போலீசார் கைது செய்தனர். ஐகோர்ட்டு அனுமதிக்கு பிறகு அந்த ஆண்டு டிசம்பரில்தான் மேல் வகுப்புகளுக்கு நேரடி பாடம் தொடங்கியது.

அந்த மாணவியின் உயிருக்கு எந்த பாலிசியும் ஈடாகாது. அந்த வழக்கு தனி. இங்கே பார்க்கப்போவது கட்டிடம், பஸ், சான்றிதழ், வாத்தியார், மற்ற பிள்ளைகள் பற்றி மட்டும். கனியாமூர் பள்ளியின் பாலிசி எப்படி என்பது நமக்கு வேண்டியதில்லை. அன்று சேதமான பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்து, பொதுவான பாலிசி விதியோடு ஒப்பிட்டாலே போதும். ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும்.

கலவரம் உண்டு, களவு இல்லை

கட்டிடத்துக்குப் போடும் 'ஸ்டாண்டர்டு பயர்' பாலிசியின் பெயரில்தான் தீ இருக்கிறது. உள்ளே கலவரம், வேலைநிறுத்தம், வேண்டுமென்றே செய்யும் நாசவேலை ஆகியவையும் இருக்கின்றன. கும்பல் எரித்தாலும் சரி, தனி ஆள் ஒருவன் ராத்திரியில் வந்து கம்ப்யூட்டர் அறையை உடைத்தாலும் சரி, கிளெய்ம் போடலாம். (பையன் ஒரு ஜன்னல் கண்ணாடியை உடைத்ததற்கு எல்லாம் போகாதீர்கள். முதல் 10 ஆயிரம் ரூபாய் நம்ம கணக்கு என்பது ஸ்டாண்டர்டு பாலிசியின் விதி.)

ஆனால் இந்த பாலிசியில் கலவரத்தை நீக்கிவிட்டு பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ள வழி இருந்தது. வெள்ளம், புயலையும் அப்படி நீக்கலாம். சில ஆயிரம் மிச்சம் என்று யாரோ எப்போதோ நீக்கியிருப்பார்கள். அதையே வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டு வருவார்கள். எரிந்த பிறகுதான் தெரியவரும்.

அடுத்தது, தூக்கிக்கொண்டு போன நாற்காலி. நாசவேலையை ஏற்கும் அதே பிரிவில், திருட்டும் கொள்ளையும் சேராது என்று இருக்கிறது. உடைத்த நாற்காலிக்கு பணம் உண்டு, தூக்கிப்போன நாற்காலிக்கு இல்லை! திருட்டு பாலிசி தனியாக வைத்திருந்தாலும், கலவர நேரத்து திருட்டை அதிலும் சேர்க்கச் சொல்லி வாங்கியிருக்க வேண்டும். 2021 ஏப்ரல் 1-ந்தேதி முதல் வந்த 'பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா' பாலிசி இதில் பரவாயில்லை. ஒரே இடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்கானது. சம்பவத்தின் காரணமாக 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டையும் இது ஏற்கிறது. சின்ன பள்ளிகள் இதைக் கேட்டு வாங்கலாம்.

சான்றிதழ், ரிஜிஸ்டர் போன்ற ஆவணங்கள் தனியாக குறிப்பிட்டால் ஒழிய ஸ்டாண்டர்டு பாலிசியில் வராது. குறிப்பிட்டாலும் மறுபடி எழுத ஆகும் செலவுதான் கிடைக்கும். பிள்ளையின் ஒரிஜினல் மார்க் ஷீட் திரும்ப வராது.

குண்டு வைத்து தகர்த்தால் அது கலவரக் கணக்கில் வராது, தீவிரவாதக் கணக்கு. அமெரிக்காவில் 2001-ல் நடந்த தாக்குதலுக்கு பிறகு, 2002 ஏப்ரலில் இந்திய கம்பெனிகள் சேர்ந்து இதற்கென தனி நிதித் தொகுப்பு ஏற்படுத்தின. ஸ்டாண்டர்டு பாலிசியோடு கூடுதல் பிரீமியம் கட்டி சேர்க்க வேண்டும்.

பாதிக்கு போட்டால் பாதிதான்

கிளெய்மில் அதிகம் அடிபடுவது இதில்தான். கட்டிடத்தை திரும்பக் கட்ட 2 கோடி ரூபாய் ஆகும். பேங்க் கடன் 1 கோடி. பேங்க் தன் கடனுக்கு பாதுகாப்பாக 1 கோடிக்கு பாலிசி போடச் சொல்லும். நாமும் போடுவோம். கலவரத்தில் 40 லட்சம் ரூபாய்க்கு சேதம். 1 கோடிக்குள் தானே, முழுசா வந்துரும் என்று நினைப்போம். வராது. பாதி மதிப்புக்குத்தான் போட்டிருக்கிறீர்கள் என்று 20 லட்சம்தான் கொடுப்பார்கள். பாலிசியில் பேங்க் பெயர் இருந்தால் அந்தப் பணமும் முதலில் பேங்க்குக்குத்தான் போகும்.

இன்னொன்று லீவு. கட்டிடம் 30 நாளுக்கு மேல் ஆள் இல்லாமல் கிடந்தால் பாலிசி செல்லாது என்று ஸ்டாண்டர்டு பாலிசியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. கோடை விடுமுறையில் பள்ளியைப் பூட்டிவிட்டு வாட்ச்மேனையும் ஊருக்கு அனுப்பும் நிர்வாகிகள் கவனிக்கணும். கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து சம்மதம் வாங்கிக்கொள்ளலாம்.

பள்ளி மூடிக்கிடந்த மாதங்களுக்கு சம்பளமும் பேங்க் வட்டியும் யார் கொடுப்பது? அதற்கு வருமான இழப்பு பாலிசி தனி. பயர் பாலிசி ஏற்கும் சேதத்தால் மூடினால்தான் அதுவும். அதிகாரிகள் சீல் வைத்ததால் மூடிக்கிடந்தால் கிடைக்காது.

பஸ் விஷயம் ரெண்டே வரி. முழு இன்சூரன்சு இருந்தால் கும்பல் எரித்த பஸ்சுக்கு பணம் உண்டு. மூன்றாம் நபர் இன்சூரன்சு மட்டும் என்றால் எலும்புக்கூடுதான் மிச்சம்.

அரிவாள் வெட்டு விபத்தா?

நெல்லை சீமையில் பயம் கட்டிடத்தைப் பற்றி மட்டும் அல்ல. 2023 ஆகஸ்டு 9-ந்தேதி நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுத்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. 2025 ஏப்ரல் 15-ந்தேதி பாளையங்கோட்டை தனியார் பள்ளி வகுப்பறையிலேயே 8-ம் வகுப்பு மாணவரை சக மாணவர் அரிவாளால் வெட்டினார். தடுக்கப்போன ஆசிரியையும் காயம் அடைந்தார். சென்னையில் 2012 பிப்ரவரி 9-ந்தேதி 9-ம் வகுப்பு மாணவர் வகுப்பறையிலேயே கத்தியால் குத்தியதில் ஆசிரியை உயிரிழந்தார்.

விபத்து பாலிசி இதற்கு பொருந்துமா என்று பலருக்கும் சந்தேகம். எதிர்பாராமல், தன் விருப்பம் இல்லாமல், வெளியில் இருந்து வரும் தாக்கம்தான் இன்சூரன்சு சட்டத்தில் விபத்து. வெட்டுப்பட்டவருக்கு அது பொருந்தும். வெட்டியவருக்கு, அவர் கையிலும் காயம் பட்டிருந்தாலும், கிடையாது.

மாணவர்களுக்கு பள்ளி எடுக்கும் குரூப் விபத்து பாலிசியில் ஒன்றே ஒன்றை பெற்றோர் கேட்க வேண்டும். பள்ளி நேரத்துக்கு மட்டுமா, 24 மணி நேரமுமா? நாங்குநேரி சம்பவம் நடந்தது ராத்திரி, வீட்டில். ஸ்ரீவைகுண்டம் அருகே 2025 மார்ச்சில் பரீட்சைக்கு போன பிளஸ்-1 மாணவரை பஸ்சை மறித்து வெட்டினார்கள். பள்ளி நேர பாலிசி இந்த இரண்டுக்கும் உதவும் என்று சொல்ல முடியாது. பிரீமியம் குறைவு என்று அதை எடுக்கும் பள்ளிகளை என்ன சொல்ல?

ஆசிரியர்களுக்கு கையில் இருக்கும் ஒன்று பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம். 18 முதல் 70 வயது வரை, வருஷத்துக்கு 20 ரூபாய், 2 லட்சம் ரூபாய். கொலையும் இதில் சேரும், தற்கொலை சேராது. சம்பளம் 21 ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கும் தனியார் பள்ளி ஊழியர்களுக்கு ஈ.எஸ்.ஐ.யும் இருக்கிறது. இன்சூரன்சே இல்லாத குடும்பம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணையம் மூலம் அரசின் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டு நிதியைக் கேட்கலாம். சாதி வன்கொடுமை என்றால் அந்த சட்டத்தின் நிவாரணமும் உண்டு.

அமெரிக்காவில் பள்ளித் துப்பாக்கிச்சூடுகளுக்கு பிறகு தாக்குதலுக்கென்றே தனி பாலிசி விற்கிறார்கள். இறுதிச்சடங்கு செலவு, பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை, கூடுதல் காவல் வரை அதில் வரும். நம்ம ஊர் பாலிசிகள் பெரும்பாலும் கட்டிடத்தையும் காயத்தையும்தான் பார்க்கின்றன. நேரில் பார்த்து நடுங்கிப்போன மற்ற 40 பிள்ளைகளை அல்ல.

சம்பவம் நடந்துவிட்டால்

கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லணும். ஸ்டாண்டர்டு பாலிசியில் 15 நாளுக்குள் சேத விவரத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். எப்.ஐ.ஆர். நகல் கட்டாயம் கேட்பார்கள். சர்வேயர் பார்த்து முடிக்கும் வரை இடிபாடுகளை அள்ளிக் கொட்டாதீர்கள். சேதத்துக்கு காரணமானவர்களிடமே வசூலிக்க 1992-ம் ஆண்டு தமிழ்நாடு சொத்து சேத தடுப்பு சட்டம் இருக்கிறது. சுப்ரீம் கோர்ட்டும் 2009-ல் இதற்கு வழிமுறை சொல்லியிருக்கிறது. ஆனால் கோர்ட்டு வழக்கு முடிய வருஷக்கணக்கில் ஆகும்.

சொத்துப் பட்டியல், பில்கள், அறை அறையாக எடுத்த போட்டோ, மாணவர் ரிஜிஸ்டர் நகல் ஆகியவற்றை பள்ளி ஆபீஸ் பீரோவில் மட்டும் வைக்காதீர்கள். எரிவது முதலில் அந்த ரூம்தான்.