பன்னீரும் பனீரும்



பனீர் என்றதும் எங்கட ஆட்கள் பலருக்கு ஞாபகம் வருவது கலியாண வீட்டில் தெளிக்கும் பன்னீர். இரண்டுக்கும் தொடர்பில்லை. பனீர் பாரசீகச் சொல். அங்கே எல்லாப் பாலாடைக்கட்டிக்கும் அதுதான் பெயர். துருக்கியர் அதையே பெய்னிர் என்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தை 1619 முதல் 1658 வரை ஆண்ட போர்த்துக்கேயர் பாண், அலுமாரி, சப்பாத்து என்று எத்தனையோ சொற்களை விட்டுப் போனார்கள். பாலாடைக்கட்டி மட்டும் எங்கள் குசினிக்குள் வரவில்லை. வங்காளத்தில் ஹூக்ளிக் கரையில் அவர்கள் குடியிருந்த பண்டேலின் பெயரில் இன்றும் ஒரு சீஸ் விற்கிறார்கள். ரசகுல்லாவுக்குப் பாலைத் திரிக்கும் வழக்கமும் அவர்களிடமிருந்து வந்தது என்பார்கள் சிலர். எல்லா ஆய்வாளர்களும் ஏற்பதில்லை. இங்கே ஏன் வரவில்லை? என் எண்ணத்தில், கிடைத்த கொஞ்சப் பாலும் தயிர், மோர், நெய் என்று முடிந்துவிட்டது. திரைந்த பால் எங்களுக்குக் கெட்ட பால், அவ்வளவுதான்.

எங்கள் மார்க்கத்துக்கோ இது புதிதல்ல. ஹிஜ்ரி 9இல் தபூக்கில் நபி (ஸல்) அவர்களிடம் பாலாடைக்கட்டி கொண்டுவரப்பட்டதும், கத்தி கேட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி வெட்டினார்கள் என்று அபூதாவூதில் வருகிறது.

"சேர், பனீர் ஹலாலா?" என்று பலர் கேட்கிறார்கள். சீஸ் பலவற்றில் பாலை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். அறுக்கப்படாத பிராணியினுடையது என்றால் ஷாஃபிஈ மத்ஹபில் கூடாது. இமாம் அபூஹனீஃபா அனுமதித்திருக்கிறார்கள். பனீருக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. கொதிக்கும் பாலில் தேசிக்காய்ப் புளி விட்டால் திரளும். துணியில் வடித்துப் பாரம் வைத்தால் சரி. ஒரு லீற்றரில் 150 முதல் 200 கிராம் வரை வரும். பசும்பால் இல்லாவிட்டால் முழு ஆடைப் பால்மாவைக் கரைத்தும் செய்யலாம். வடித்த தண்ணீரை ஊற்றிவிடாமல் ரொட்டி மாவு குழையுங்கள்.

இன்னொன்று. 1990 ஒக்டோபர் 30இல் சோனகத் தெருவை விட்டுப் போனபோது எங்கள் சமையல் கொப்பிகளும் வீட்டோடு போயின. புத்தளத்து முகாம்களில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு பால் என்றால் பால்மாதான். அதற்கு முந்திய குசினியைப் பற்றி எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு. திரைந்த பாலை உங்கள் உம்மம்மா என்ன செய்தார்? சீனி போட்டுக் கிண்டினாரா, கொட்டினாரா? மூத்தவர்களிடம் கேட்டு, ஊரையும் ஆண்டையும் சேர்த்துக் கீழே எழுதுங்கள். நான் கொப்பியில் எழுதி வருகிறேன்.