சிவப்புத் தொரைக்கு நாற்பத்தெட்டு மணி நேரம்

சென்ற வாரம் கிழக்கு ஜெர்மனியில் இருந்தோம். அங்கே ஸ்டாசி என்ற ரகசியப் போலீஸ் சொந்த மக்களைப் பற்றி எழுதிச் சேர்த்த கோப்புகளை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர் நீளும் என்று பார்த்தோம். இந்த வாரம் இலங்கையின் ஹட்டன், நாவலப்பிட்டி பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு மலையேறுகிறோம். இங்கே நடந்தது கம்யூனிஸ்ட் ஆட்சி அல்ல; சிவப்பு வாடை அடித்தாலே கதவைச் சாத்திய வெள்ளைக்கார ஆட்சி. ஆனால் தோட்டத்துக்குள் ஆளை ஆள் வேவு பார்க்க அவ்வளவு காகிதம் தேவைப்படவில்லை.

விடியுமுன் தப்புச் சத்தம். பெரட்டுக்களத்தில் தொழிலாளர் வரிசை. கணக்கப்பிள்ளை கையில் செக்ரோல் என்ற பெயர்ப்பதிவேடு. பக்கத்தில் ஆள் திரட்டி வேலை வாங்கும் கங்காணி முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். அக்கறைதான், ஆனால் சல்லி மேல். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு உண்டு. ஒரு தலை குறைந்தால் அவர் வரும்படி குறையும். அதனால் யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டுக்கு ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது, யார் ராத்திரி பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்வந்தார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். உளவுக்கென்று தனிச் சம்பளம் எதற்கு?

தொழிலாளர் குடியிருந்த லயமும் இந்த வேவுக்கு ஏற்றபடிதான் இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா. பல லயங்களில் தடுப்புச் சுவர் கூரை வரை எட்டாது. இங்கே புருஷனும் பெண்சாதியும் குசுகுசுத்தால் மூன்றாவது காம்பிராக் கிழவி ‘எல்லாம் கேக்குது’ என்பதுபோல் இருமுவாள்.

வெளியாள் உள்ளே வருவது இன்னும் கஷ்டம். தோட்டத்து ரோட்டும் தோட்டத்துக்கே சொந்தம். தொரை, அதாவது தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரர், சம்மதமில்லாமல் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. தஞ்சாவூர்க்காரரான பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேஷத்தில் லயங்களுக்குள் போய்ப் பார்த்தது இதனால்தான்.

வெளியாட்களில் வேஷம் போடாமல் உள்ளே இருக்கக்கூடியவர் வெள்ளைக்காரர் மட்டுமே. அந்தப் பக்கத்திலிருந்தே ஒருவர் கழன்று வந்தார். மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில், லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 1936இல் மடுல்கல ரெலுகாஸ் தோட்டத்துக்குத் தொழில் பழக வந்தார். பழகியது தொழிலாளரோடு. வேலை போயிற்று, இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார்.

1937 ஏப்ரல் 3. நாவலப்பிட்டியில் கூட்டம், இந்தியாவிலிருந்து சோஷலிஸ்ட் தலைவர் கமலாதேவி சட்டோபாத்யாயாவும் வந்திருந்தார். மேடையேறிய பிரேஸ்கேர்டில், மலைமேல் தெரிந்த வெள்ளை பங்களாக்களைக் கைகாட்டி, அங்கே இருப்பவர்கள் உங்கள் ரத்தத்தை உறிஞ்சுகிறார்கள் என்ற பொருள்பட முழங்கினார். தொரைமாருக்கு எப்படி இருந்திருக்கும்! கூலியாள் சொல்லியிருந்தால் மறுநாளே வேலையைவிட்டு நீக்கும் பற்றுச்சீட்டு. சொன்னவனோ தங்கள் நிறத்துக்காரன்.

ஆளுநர் ஸ்டப்ஸ், நாற்பத்தெட்டு மணி நேரத்தில் தீவைவிட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவு போட்டார். கப்பலில் இடமும் பிடித்தாயிற்று. கப்பல் போனது, ஆள் ஏறவில்லை. கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வீடு மறைத்தார்கள். போலீஸ் தீவெங்கும் தேடியது. மே 5ஆம் தேதி காலிமுகத்திடல் கூட்டத்தில், எங்கும் கிடைக்காதவர் போலீஸ் கண்ணெதிரே மேடையில் நின்றார்! பிறகு பிடித்தார்கள். ஆட்கொணர்வு மனு போட்டு வழக்கறிஞர் எச்.வி. பெரேரா வாதாடினார். மே 18ஆம் தேதி உயர் நீதிமன்றம் உத்தரவு செல்லாது என்று விடுதலை செய்தது. ஆளுநர் கையில் எடுத்தது நெருக்கடி காலத்துக்கான அதிகாரம். அப்போது நாட்டில் எந்த நெருக்கடியும் இல்லை.

இந்தக் கதையை இடதுசாரிகள் வெற்றியாகவே சொல்வார்கள், நியாயம்தான். எனக்கு உறுத்துவது வேறு. ஒரு வெள்ளைக்காரரை வெளியேற்ற ஆளுநர் கையெழுத்து, கப்பல், நீதிபதிகள், வழக்கறிஞர் எல்லாம் வேண்டியிருந்தது. லயத்து ஆளை வெளியேற்றத் தொரை கிறுக்கும் ஒரு துண்டுச் சீட்டு போதுமாயிருந்தது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்ட முல்லோயாத் தோட்டத்தில், கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளியைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. விசாரணை வந்தது, அவர் செத்த பிறகு. அவர் மனைவிக்காக வாதாடியவர் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா.

அதே ஆண்டு ஜூனில், இரண்டாம் உலகப் போரைக் காட்டி, கொல்வினையும் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, எட்மண்ட் சமரக்கொடி ஆகிய மற்றக் கட்சித் தலைவர்களையும் பிடித்து அடைத்தார்கள். பின்பு கண்டி போகம்பரைச் சிறை. அங்கே காவலாளிகளில் ஒருவர் சொலமன். 1942 ஏப்ரலில், ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்ட பரபரப்பில், நால்வரும் சிறையிலிருந்து தப்பினார்கள். கணக்கெடுத்தபோது ஐந்து பேரைக் காணோம். சொலமனும் அவர்களோடு போயிருந்தார்.